பெருமூச்சை அடைத்த மாரப்பன்

சீடன் என்றால் குருவைவிட வயதில் இளையவனாக இருக்க வேண்டும் என்று யார் சொல்லி வைத்தார்களோ, மேகமுட்டி மலையில் அது எடுபடவில்லை. அங்கே உதுமான் பாய் பட்டறையில் சீடரின் தலைதான் நரைத்திருந்தது. குருவுக்கு மீசையில்கூட நரை விழவில்லை. சீடர் குருவை ‘பாய்’ என்பார். குரு சீடரை ‘அண்ணே’ என்பார். புதிதாக வண்டி கொண்டுவருகிறவர்கள் யாரிடம் பேசுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் முழிப்பார்கள்.

சீடர் பெயர் மாரப்பன். நாமக்கல்காரர். பாதி ஆயுளை லாரிக்கு அடியில் படுத்தே கழித்தவர். ஒரே மகளை மேகமுட்டியில் கட்டிக்கொடுத்திருந்தார். மகள் முழுகாமல் இருக்கிறாள் என்று சேதி வந்ததும் மனைவி ருக்குமணி மூட்டை கட்டிவிட்டாள். இவரும் பின்னாலேயே வந்தார். வந்த பிறகுதான் தெரிந்தது, அந்த மலைக்கு லாரி ஏறாது. பெட்ரோல் ஜீப்பும் நாலைந்து பழைய வேனும்தான் ஏறும். டீசலைத் தவிர வேறு வாசனை அறியாத மனிதர் என்ன செய்வார்? பாயிடம் போய், கற்றுக்கொடுங்கள் என்று கேட்டார். அந்த வயதில் அப்படிப் போய் நிற்பதற்கு ஒரு மனசு வேண்டும். அவருக்கு அது இருந்தது.

பட்டறைச் சுவரில் ஆணியில் ஒரு கருவி தொங்கியது. சுவர்க் கடிகாரத்தைச் சுருக்கியது போல வட்டமாக ஒரு முகம், அதில் ஒரு ஊசி, கீழே ஒரு ரப்பர் குழாய். பாய் அதை வேக்குவம் கேஜ் என்றார். ஓடுகிற பெட்ரோல் இன்ஜினுக்குள் காற்று போகிற மேனிஃபோல்டில் அந்தக் குழாயைச் செருகினால், இன்ஜின் உள்ளே எவ்வளவு இழுக்கிறது என்று ஊசி ஏறிக் காட்டும். ஊசி துடித்தால் வால்வில் கோளாறு. மெல்ல அலைந்தால் பெட்ரோல் கலவை சரியில்லை. ஆடாமல் அசையாமல் தாழ்ந்தே நின்றால் எங்கோ காற்று கசிகிறது, அல்லது தீப்பொறி விழுகிற டைமிங் பிந்தியிருக்கிறது. பாய் பானட்டுக்குள் எட்டிக்கூடப் பார்க்காமல் ஊசியைப் பார்த்தே இவ்வளவும் சொல்வார். மாரப்பனுக்கு அது ஜோசியம் பார்ப்பது போல இருந்தது.

அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

“ஏனுங்க பாய், ஊசி எங்க நின்னா வண்டி சரிங்க?”

பாய் கேஜை ஆணியிலிருந்து எடுத்தார். குழாயை எதிலும் செருகாமல் வெறுமனே தொங்கவிட்டு, அவர் முகத்துக்கு நேரே பிடித்தார்.

“இப்ப எங்க நிக்குது?”

“பூஜ்ஜியத்துலங்க.”

“உள்ள என்ன இருக்கு?”

“ஒண்ணுமில்லீங்க.”

“இந்த மலைக்காத்து மொத்தமும் இருக்குண்ணே.”

கேஜ் திரும்பவும் ஆணிக்குப் போயிற்று. அன்றைய பாடம் அவ்வளவுதான். வீட்டுக்குப் போய் மாரப்பன் இதைச் சொன்னபோது, பதில் தெரியாதவர்கள் இப்படித்தான் பேசுவார்கள் என்று ருக்குமணி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். அவருக்குத் தூக்கம் வரவில்லை. அவள் குறட்டை விட்டுத் தூங்கினாள்.

அந்த ஊரில் மூடுபனிக்கு நேரங்காலம் கிடையாது. உச்சிப் பொழுதில் வந்து, கடைக்குள் நுழைந்து, எதிரே நிற்கிறவனின் முகத்தை அழித்துவிட்டுப் போகும். அப்படி ஒரு பகலில்தான் சூசை தன் ஜீப்பைப் பட்டறைக்குள் கொண்டுவந்து நிறுத்தினான். நிறுத்திச் சாவியைத் திருகியதும் எகிறிக் குதித்துத் தள்ளிப்போய் நின்றான்.

இன்ஜின் அடங்கிவிட்டது. ஆனால் ஜீப்பின் அடியிலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. நீளமாக, களைத்துப்போனவர் மூச்சு போல வந்து, மெல்லத் தேய்ந்து நின்றது.

“கேட்டீங்கள்ல?” என்றான் சூசை.

சந்தைக்குப் போகிற வண்டி அந்த ஊருக்கு அது ஒன்றுதான். முன்பு அதை ஓட்டியவன் சூசையின் அண்ணன் செபஸ்தியான். மழைக்காலத்தில் ஒரு நாள் ஜீப் நிறைய ஆட்களோடு இறங்கும்போது, தைலமரத்து வளைவில் அவனுக்கு மாரடைத்தது. போகிற உயிர் போகட்டும் என்று விடாமல், பிரேக்கை மிதித்து வண்டியை நிறுத்திவிட்டுத்தான் போனான். முன்சக்கரம் பள்ளத்தின் விளிம்பில் நின்றது. உள்ளே இருந்தவர்கள், ஏன் நிறுத்தினான், எப்போது எடுப்பான் என்று வெகுநேரம் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களாம். அவனைத் தூக்கியபோது கால் பெடலைவிட்டு வரவில்லை. செருப்பைக் கழற்றிய பிறகுதான் எடுக்க முடிந்தது.

அதற்குப் பிறகுதான் ஜீப் பெருமூச்சு விடத் தொடங்கியது. பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் சூசையின் காலுக்குக் கீழே அது கேட்டது. இன்ஜினை நிறுத்தினால் இன்னும் தெளிவாகக் கேட்டது. பெண்கள் ஏறப் பயந்தார்கள். வெள்ளைப்பூண்டு மூட்டையோடு வந்த பெரியவர் ஒருவர் பாதி வழியில் இறங்கி, மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே போனார். முன்சீட்டில் இப்போது யாரும் உட்காருவதில்லை, நம் ருக்குமணியைத் தவிர. காற்றோட்டமாக இருக்கிறதே என்று அவள் அங்கேதான் உட்காருவாள்.

“எனக்கு அண்ணன்தான். ஆனாலும் பயமா இருக்கு பாய். நிறுத்திக் குடுங்க” என்றான் சூசை.

பாய் கேஜைச் செருகினார். ஊசி பாதிகூட ஏறாமல் தாழ்ந்து நின்றது. பாய் அதைப் பார்த்துவிட்டு, தரையில் மண்டியிட்டு, ஜீப்பின் அடியில் காதை வைத்துக் கேட்டார். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். ஒரு சாமான் வாங்க அடிவாரத்துக்குப் போகிறேன், திரும்பி வரும்வரை ஜீப் இங்கேயே நிற்கட்டும் என்று சூசையிடம் சொன்னார். பிறகு மாரப்பன் பக்கம் திரும்பினார்.

“கை வைக்காதீங்கண்ணே. கேட்டுக்கிட்டு மட்டும் இருங்க. அது விடுற மூச்சா, இழுக்குற மூச்சா? நான் வந்ததும் சொல்லணும்.”

சொல்லிவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டார். என்ன சாமான், எதற்கு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கதைக்கே வேலை இருந்திருக்காது. குருமார்களுக்கு அப்படி ஒரு பழக்கம் இருக்கிறது. எனக்கு அது எப்போதும் பிடித்ததில்லை.

மறுநாள் மாரப்பன் தனியாகப் பட்டறையில் உட்கார்ந்து கேட்டார். மூடுபனி கதவுவரை வந்து நின்றிருந்தது. இன்ஜினை ஓட்டுவார், நிறுத்துவார், கேட்பார். இது என்ன கேள்வி என்றுதான் அவருக்குப் பட்டது. லாரியில் பிரேக்கை விட்டால் காற்று ‘புஸ்’ஸென்று வெளியே போகும். சத்தம் வந்தால் காற்று வெளியே போகிறது என்றுதான் அர்த்தம். பெருமூச்சு என்றாலே விடுவதுதானே. இழுக்கிற பெருமூச்சை யார் கேட்டார்கள்?

ஆனாலும் கேட்கக் கேட்க அவருக்கு ஒன்று உறுத்தியது. அந்தச் சத்தம் முடிகிற விதம் சரியில்லை. விட்ட மூச்சு என்றால் கடைசியில் ஓய்வு இருக்கும். இது முடியும்போது இன்னும் எதையோ கேட்பது போல இருந்தது.

கடைசியாக ஓட்டுநர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். வலது கால் தன்பாட்டுக்கு பிரேக் பெடல் மேல் போய் அமர்ந்தது. சாவியைத் திருகினார். இன்ஜின் பிடித்தது.

பெடல் தானாகக் கீழே இறங்கியது.

அவர் அழுத்தவில்லை. அவர் கால் அதன்மேல் சும்மா இருந்தது. அந்தக் காலோடு சேர்ந்து இன்னொரு கால் மெதுவாக அழுத்துவது போல, பெடல் ஒரு விரற்கடை தணிந்து நின்றது. மாரப்பன் சாவியைத் திருகினாரா, எப்படி இறங்கினார் என்பதெல்லாம் அவருக்கே நினைவில்லை. வெளியே வந்து சாக்கடையோரம் நின்று மூச்சு வாங்கினார். உள்ளே, ஆளில்லாத ஜீப் நீளமாகப் பெருமூச்சு விட்டது.

அதன்பிறகு அவர் கேட்டுக்கொண்டு இருக்கவில்லை. பயம் வந்த கைக்கு வேலை கொடுத்தாக வேண்டும். கேஜைச் செருகிவிட்டு, மேனிஃபோல்டிலிருந்து போகும் குழாய்களை ஒவ்வொன்றாக நசுக்கிப் பார்த்தார். ஒரு குழாயை நசுக்கியதும் ஊசி விருட்டென்று ஏறி ஆடாமல் நின்றது. பெருமூச்சும் நின்றது. விட்டார், ஊசி விழுந்தது. நசுக்கினார், ஏறியது. அந்தக் குழாயைத் தொடர்ந்து போய்ப் பார்த்தார். ஜீப்பின் அடியில் ஒரு வட்ட டப்பாவில் போய் முடிந்தது. இந்தப் பழைய மாதிரி ஜீப்பில் அப்படி ஒரு டப்பாவே கம்பெனி வைப்பதில்லை. செபஸ்தியான் விதவிதமாக ஹாரன் வைத்து ஊரைக் கலக்கியவன் என்று அவர் கேள்விப்பட்டிருந்தார். காற்று ஹாரனுக்கு அவன் மாட்டிய டப்பா என்று முடிவு கட்டினார்.

குழாயை நடுவில் அறுத்து, அதன் வாயில் ஒரு போல்ட்டைச் செருகி, கிளிப் போட்டு முறுக்கினார்.

ஊசி ஏறியது. ஏறி, வரைந்து வைத்தது போல நின்றது. அவ்வளவு அழகாக நின்ற ஊசியை அவர் அந்தப் பட்டறையில் பார்த்ததே இல்லை. இன்ஜினை நிறுத்தினார். சத்தமில்லை. மனதைத் திடப்படுத்திக்கொண்டு சீட்டில் ஏறி, பெடல்மேல் காலை வைத்து, திரும்ப ஓட்டினார். பெடல் இறங்கவில்லை. நன்றாகக் கெட்டியாக நின்றது. நல்ல பிரேக் கெட்டியாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். அவருக்கு அழுகையே வந்துவிட்டது. வந்த மலையில் முதன்முதலாக ஒரு வண்டியைத் தனியாகச் சரிசெய்துவிட்டார்.

அடுத்த நாள் சந்தை. சூசை வந்து கேட்டான், ஓட்டினான், நிறுத்தினான், காது கொடுத்தான். ஒன்றுமில்லை என்றதும் மாரப்பனின் எண்ணெய்க் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். பாய் வரட்டும் என்று இரண்டு பேருக்கும் ஒரு கணம் தோன்றாமல் இல்லை. ஆனால் சந்தை காத்திருக்காது. பூண்டு மூட்டைகள் ஏறின, ஆட்கள் ஏறினார்கள். மகளின் வளைகாப்புக்கு வளையல் எடுக்க ருக்குமணி முன்சீட்டில் ஏறினாள். பேயை விரட்டிவிட்டீர்களாமே என்று கணவனைப் பார்த்துச் சிரித்தாள். ஜீப் மூடுபனிக்குள் போனது. சத்தமும் போனது.

கொஞ்ச நேரத்தில் உதுமான் பாய் திரும்பினார். குறுக்குப் பாதையில் ஏறி வந்தவர். அதனால் எதிரே வந்திருக்க வேண்டிய ஜீப்பை அவர் பார்க்கவில்லை. பட்டறைக்குள் நுழைந்து, காலியாகக் கிடந்த இடத்தைப் பார்த்தார்.

“ஜீப் எங்கண்ணே?”

மாரப்பன் நடந்ததைச் சொன்னார். சந்தோஷமாகத்தான் சொன்னார். ஊசி நின்ற அழகைக் கையால் காட்டினார். பாய் முகத்தில் எதுவும் மாறவில்லை.

“விடுற மூச்சா, இழுக்குற மூச்சா?”

“அதுதான் நின்னுருச்சுங்களே பாய்.”

பாய் பையைத் திறந்து, கறுப்பாக, வட்டமாக, புதிதாக ஒரு ரப்பர்த் தகட்டை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“அது ஹாரன் டப்பா இல்லண்ணே. பிரேக் பூஸ்டர். செபஸ்தியான் வேற வண்டியில இருந்து கழட்டி மாட்டினான். ரொம்ப கனம் ஏத்துறோம், கால் ஓஞ்சு போகுதுன்னு. உள்ள இந்த ரப்பர் கிழிஞ்சிருக்கு, அதான் சத்தம். கிழிஞ்சிருந்தாலும் பாதி வேலை செஞ்சுக்கிட்டு இருந்துச்சு.”

“பிரேக்குக்குக் காத்து போற குழாயுங்களா அது?”

“காத்து போற குழாய் இல்ல. காத்தை எடுக்குற குழாய். உங்க லாரியில காத்து இருந்தா பிரேக். இதுல காத்து இல்லாததுதான் பிரேக். நீங்க காலை வச்சா, அந்தக் காலி இடம் கூட சேர்ந்து அழுத்தும். இன்னொரு கால் மாதிரி.”

மாரப்பனுக்குத் தன் காலடியில் பெடல் இறங்கியது நினைவுக்கு வந்தது.

போன் அடிக்கலாம் என்றால் அந்த மலையில் டவர் கிடையாது. பாய் அடுத்த வார்த்தை பேசுவதற்குள் மாரப்பன் குறுக்குப் பாதையில் இறங்கிவிட்டார். சாலை மலையைச் சுற்றிச் சுற்றிப் போகும். பாதை நேரே விழும். அந்த வயதில் அவர் எப்படி ஓடினார் என்று பின்னால் அவராலேயே சொல்ல முடியவில்லை. மூடுபனியில் முன்னால் இருப்பது கல்லா பள்ளமா தெரியவில்லை. ஒரு செருப்பு எங்கோ போயிற்று. கல்லில் மோதி முழங்கால் கிழிந்தது. ருக்கு, ருக்கு என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு ஓடினார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவளை அப்படிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. காது மட்டும் கீழே இருந்தது. ஒரு மோதல் சத்தம், ஒரு அலறல், எதுவும் கேட்கவில்லை. கேட்காததுதான் அவரைக் கொன்றது.

தைலமரத்து வாசனை வந்தது. பாதை முடிந்து சாலையில் காலை வைத்தார்.

ஜீப் நின்றிருந்தது. அதே வளைவில், அதே விளிம்பில், முன்சக்கரம் பள்ளத்தைத் தொட நின்றிருந்தது. இன்ஜின் ஓடவில்லை. உள்ளே ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் இறங்கவில்லை, பேசவில்லை, அசையவில்லை. எல்லாரும் சூசையின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மாரப்பன் அப்படியே நின்றார். முன்கண்ணாடியில் மூடுபனி படிந்திருந்தது. அதற்குப் பின்னால் ருக்குமணியின் முகம் மங்கலாகத் தெரிந்தது. உயிரோடு இருக்கிற முகமா என்று அவரால் சொல்ல முடியவில்லை. பிறகு அந்த முகம் கண்ணைச் சிமிட்டியது.

அப்போதுதான் அந்தப் பெருமூச்சு கேட்டது. நீளமாக, களைத்து, மிக அருகில்.

விழுந்தடித்து ஜீப்பின் அடியில் புகுந்து பார்த்தார். போல்ட் வைத்த இடத்தில் இருந்தது. கிளிப் முறுக்கிய முறுக்கில் இருந்தது. குழாய் அடைத்தபடியே இருந்தது.

வெளியே வந்து ருக்குமணியை இறக்கினார். அவள் கை பச்சைத்தண்ணீர் போல இருந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டாயா என்றார். எந்தச் சத்தத்தை என்றாள்.

சூசை மட்டும் இறங்கவில்லை. கால் இன்னும் பெடல்மேல் இருந்தது. சக்கரங்களுக்குக் கல் வைத்தாயிற்று, காலை எடு என்று சொன்ன பிறகும் எடுக்கவில்லை. பெடலைப் பார்த்தபடியே சொன்னான்.

“பெடல் கல்லு மாதிரி இருந்துச்சுண்ணே. ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன், அறுந்துருச்சு. சீட்டை விட்டு எந்திரிச்சு முழு பாரத்தையும் போட்டேன். நிக்கல. அப்ப என் காலுக்கு மேல ஒரு கால் வந்துச்சு. பெடல் இறங்குச்சு.”

ருக்குமணியின் காலா என்று ஒருவர் கேட்டார். தன் இரண்டு காலும் டேஷ்போர்டில் உதைத்துக்கொண்டிருந்தன என்றாள் அவள்.

அதற்குள் பாய் வந்து சேர்ந்தார். யாரும் சாகவில்லை என்று பார்த்ததும் சாலையோரக் கல்லில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். ருக்குமணி நேரே அவர் முன்னால் போய் நின்றாள்.

“கையை வெக்காதேன்னு சொல்றவரு, அது பிரேக்குன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதுங்களா? வாயில என்ன வெச்சிருந்தீங்க?”

பாய் தலை நிமிரவில்லை.

“சொல்லியிருக்கணும்மா. தப்புதான்.”

மாரப்பன் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். அவள் தன்னையும் திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் அவர் முழங்காலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள், அவ்வளவுதான்.

மறுநாள் ஜீப்பை இழுத்து வந்து பட்டறையில் விட்டார்கள். அறுத்த குழாய்க்குப் பதில் புதுக் குழாய் போட்டார்கள். பழைய ரப்பரைக் கழற்றுவதற்கு முன்னால் பாய் இன்ஜினை ஓட்டச் சொன்னார். ஊசி பழையபடி தாழ்ந்து நின்றது, பெருமூச்சு பழையபடி கேட்டது. அண்ணன் படத்துக்கு ஏற்றுவதற்கென்று சூசை வைத்திருந்த ஊதுவத்தியில் ஒன்றைக் கொளுத்தி, மாரப்பன் கையில் கொடுத்தார் பாய். டப்பாவுக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொன்னார்.

புகை வெளியே தள்ளப்படவில்லை. நூலாகத் திரண்டு, வளைந்து, டப்பாவுக்குள் போயிற்று.

“இழுக்குற மூச்சுங்க” என்றார் மாரப்பன், மிகத் தாமதமாக.

டப்பாவைப் பிரித்தார்கள். பழைய ரப்பர் ஒரு பக்கமாகக் கிழிந்திருந்தது. கடைசியாக யாரோ மிதித்து, மிதித்தபடி விடாமல் வைத்திருந்ததில் கிழிந்த கிழிசல். புதியதை மாட்டினார்கள். ஊசி மெல்ல ஏறி, ஆடாமல் நின்றது. அடிவாரத்து வண்டிகளில் நிற்கும் இடத்தைவிடத் தாழ்வாகத்தான் நின்றது. ஏன் என்று மாரப்பன் கேட்டார். வெளியே இருக்கிற காற்றிலிருந்துதான் ஊசி எண்ணத் தொடங்குகிறது, இவ்வளவு உயரத்தில் வெளிக்காற்றே கம்மி என்று பாய் சொன்னார். இந்த முறை கேட்டதற்கு நேராகப் பதில் சொன்னார்.

சூசை ஏறி உட்கார்ந்து பெடலை மிதித்தான். மெத்தென்று இறங்கியது. சத்தமே இல்லை. இன்னொரு முறை மிதித்தான். நிறுத்திவிட்டுக் காத்திருந்தான். பிறகு ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து அழுதான். நிறுத்திக் கொடுங்கள் என்று கேட்டவன் அவன்தான்.

அவன் போன பிறகு பட்டறை காலியாக இருந்தது. மூடுபனி வாசலைத் தாண்டி உள்ளே வந்திருந்தது. மாரப்பன் கிழிந்த ரப்பரைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாய்.”

“சொல்லுங்கண்ணே.”

“வளைவுல நான் கேட்டனுங்க, அந்தப் பெருமூச்சை. குழாய் அடைச்சுத்தான் இருந்துச்சு. என் கண்ணால பாத்தனுங்க. அப்புறம் எப்படிங்க?”

“விட்ட மூச்சா, இழுத்த மூச்சா?”

மாரப்பன் கண்ணை மூடினார். தைலமர வாசனை, பனி படிந்த கண்ணாடி, அதற்குப் பின்னால் ஒரு முகம். இந்த முறை அவசரப்படாமல் கேட்டார்.

“விட்ட மூச்சுங்க.”

பாய் கேஜை எடுத்தார். குழாயின் நுனியை வேட்டியில் துடைத்து அவர் வாயில் கொடுத்து, இழுக்கச் சொன்னார். மாரப்பன் இழுத்தார். ஊசி ஏறியது. அப்படியே பிடிக்கச் சொன்னார். ஊசி ஆடாமல் நின்றது. பாய் ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாரப்பனுக்கு நெஞ்சு வலித்தது, கண்ணில் நீர் கட்டியது. ஒரு குறுக்குப் பாதை முழுவதும் அவர் அப்படித்தான் ஓடியிருந்தார்.

“விடுங்க.”

விட்டார். நீளமாக, களைத்து, மிக அருகில் அந்தச் சத்தம் கேட்டது.

அவர் அதை அடையாளம் கண்டுகொண்டார். வளைவில் கேட்டது தன் மூச்சைத்தான். பிறகு, கேட்காமல் இருக்க முடியாமல் கேட்டார்.

“அப்ப சூசை காலுக்கு மேல வந்துச்சே, அந்தக் கால், பாய்? குழாய் அடைச்சுத்தானே இருந்துச்சு?”

பாய் கேஜை ஆணியில் மாட்டினார். குழாய் மூடுபனிக்குள் தொங்கியது. ஊசி பூஜ்ஜியத்தில் நின்றது.

“அதுக்கு என்கிட்ட ஊசி இல்லண்ணே.”